கல்லறைக் கல்லிலிருந்து கிராமம் வரை: மலையில் தங்கிப்போன ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைத் தேடும் முறை

நீலகிரியில் பஸ் ஏறினால் கண்டக்டர் வாயாலேயே பாதி இங்கிலாந்தைச் சுற்றி வந்துவிடலாம். சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், லாலி ஆஸ்பத்திரி, பிரீக்ஸ் ஸ்கூல். கொடைக்கானல் பக்கம் போனால் கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பார்க். பழைய கல்லறைத் தோட்டங்களுக்குள் நுழைந்தால் இன்னும் எத்தனையோ. இப்படி ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குடும்பம் எந்த ஊர், எப்போது கிளம்பியது, எந்த வழியாக மலையேறியது என்று தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெயரின் அர்த்தத்தில்தான் தொடங்குகிறார்கள். தடம் தவறுவதும் அங்கேயேதான்.

'சட்டன்' என்ற பெயருக்குத் 'தெற்கூர்' என்று பொருள் சொல்லும் அகராதி. சரிதான். ஆனால் அந்தப் பெயரில் இங்கிலாந்து முழுக்க ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் 'புதூர்க்காரர்' என்றால் எந்தப் புதூர் என்று நாம் கேட்க மாட்டோமா? அதே கதைதான். ஆகவே அகராதியைக் கடைசியில் திறக்க வேண்டும். முதலில் கல், அப்புறம் தேவாலயப் பதிவேடு, அப்புறம் அவர் பார்த்த உத்தியோகம், அதற்குப் பின் இங்கிலாந்துப் பதிவுகள். காலத்தில் பின்னோக்கி, ஒரு தலைமுறைக்கு ஒரு படி. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வேறொருவர் வீட்டு வம்சாவளிதான் கையில் கிடைக்கும்.

பெயரா, பட்டமா?

முதலில் ஒரு சின்னச் சோதனை. கையில் இருப்பது உண்மையில் குடும்பப்பெயர்தானா?

ஊட்டியைச் சுற்றிய புல்வெளிகளுக்கு 'வென்லாக் டவுன்ஸ்' என்று பெயர். வென்லாக் என்ற குடும்பத்தைத் தேடினால் வாழ்நாள் முழுக்கத் தேடலாம். அது பிரபுப் பட்டம். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த மூன்றாம் வென்லாக் பிரபுவின் சொந்தப் பெயர் பீல்பி லாலி. குன்னூர் லாலி ஆஸ்பத்திரியும் கோவை லாலி ரோடும் யார் பெயரில் இருக்கின்றன? 1906 முதல் 1911 வரை கவர்னராக இருந்த ஆர்தர் லாலி பெயரில். அவர் பீல்பியின் உடன்பிறந்த தம்பி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர். ஒருவர் புல்வெளியில் பட்டமாக நிற்கிறார், இன்னொருவர் ஆஸ்பத்திரிப் பலகையில் குடும்பப்பெயராக நிற்கிறார். சென்னையின் கன்னிமாரா நூலகமும் இப்படித்தான்: கன்னிமாரா பிரபுவின் குடும்பப்பெயர் போர்க்.

அடுத்த சோதனை: பெயர் ஆங்கிலம்தானா? கோத்தகிரி கன்னேரிமுக்கில் பங்களா கட்டிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் பெயர் அயர்லாந்துடையது, கார்க், கெர்ரி பகுதிகளின் பழங்குலப் பெயர். பிறந்ததோ லண்டனில். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர், பெயரிலேயே ஸ்காட்லாந்தைக் காட்டிவிடுகிறார். இது ஏன் முக்கியம் என்றால், அரசுப் பிறப்பு-இறப்புப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல், அயர்லாந்தில் முழுமையாக 1864இல்தான். தவறான நாட்டின் பதிவில் தேடிவிட்டு 'ஆளே இல்லை' என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிற விபத்து.

கொடைக்கானலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே முதல் வீடுகளை, சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களை, 1845இல் கட்டியவர்கள் மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர்கள். பெயர் சுத்தமான ஆங்கிலப் பெயராக இருக்கும். ஆனால் குடும்பம் இரண்டு நூறாண்டுக்கு முன்பே அட்லாண்டிக்கைக் கடந்து மாசசூசெட்ஸ் பக்கம் குடியேறியிருக்கும். 1620க்கும் 1640க்கும் இடையே பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூட்டமாகக் கிளம்பிப் போன காலம் அது. இவர்களைத் தேட வேண்டியது முதலில் அமெரிக்க ஊர்ப் பதிவுகளில்.

கல்லைப் படிப்பது

கல்லறைத் தோட்டத்துக்குள் போகுமுன் ஆயரிடமோ அலுவலகத்திலோ அனுமதி கேளுங்கள். நீலகிரி சி.எஸ்.ஐ. ஆலயங்கள் கோவை திருமண்டலத்திலும், கொடைக்கானல் ஆலயங்கள் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்திலும் வருகின்றன. பருவம் பார்த்துப் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஊட்டிக்கு ஜூன்-ஜூலை ஆகாது; குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர்-நவம்பர் ஆகாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மூன்று ஊரிலும் காட்டுமாடு கல்லறைத் தோட்டத்துக்குள் மேய வரும். தனியாகப் போகாதீர்கள், நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு லிட்டர் தண்ணீர், மென்மையான பிரஷ், பழைய பனியன் துணி, சுமார் 30க்கு 45 சென்டிமீட்டர் அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஐந்து மீட்டர் டேப், கருப்புக் குடை, டார்ச். சாக்பீஸ், மாவு, ஆசிட், எலுமிச்சை, கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். சாக்பீஸ் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். புளிப்பான எதுவும் சலவைக்கல்லைக் கரைக்கும். ஒரு தடவை ஊற்றினாலே எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும்.

பாசி மூடிய கல்லில் தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு, பிரஷால் மேலிருந்து கீழாக மெல்லத் தேயுங்கள். கல்லோடு கல்லாக ஒட்டிய சாம்பல் நிறப் பூஞ்சைப் படலத்தைச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். தேய்ந்த எழுத்தைப் படிக்கத் தேவை பக்கவாட்டு வெளிச்சம். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கிழக்குப் பார்த்து நிற்கும் கல்லில் காலை எட்டு மணி வெயில் நேராக அடித்து எல்லாவற்றையும் சமதளமாக்கிவிடும். பதினொன்றரை வாக்கில் வெயில் கல்லை உரசிக்கொண்டு இறங்கும்போது பாருங்கள். மேற்குப் பார்த்த கல்லுக்கு நண்பகல் தாண்டிய உடனே. தரையில் படுத்த பலகைக் கல்லுக்கு மட்டும் காலை, மாலைத் தாழ்ந்த வெயில். வடக்குப் பார்த்த கல்லுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலே வராது என்றே சொல்லலாம். கண்ணாடியை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தைக் கல்லின் மேல் வழுக்கவிட வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டதா? குடையால் இருட்டாக்கி, டார்ச்சை ஓரமாகக் கல்லை ஒட்டினாற்போல் பிடியுங்கள்.

சில சலவைக்கற்களில் எழுத்தை வெட்டி ஈயம் பதித்திருப்பார்கள். ஈயம் உதிர்ந்த இடத்தில் சின்னச் சின்ன ஆணித்துளைகள் மட்டும் எஞ்சும். அந்தத் துளைகளை விரலால் தடவி, ஒரு தாளில் புள்ளியாகக் குறித்து, அதே கல்லில் முழுதாக இருக்கும் எழுத்துகளின் துளை அமைப்போடு ஒப்பிட்டால் காணாமல்போன எழுத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எண்களில் 1ம் 7ம், 3ம் 8ம் ஒன்றையொன்று ஏமாற்றும்.

போட்டோ குறைந்தது ஐந்து: முழுக் கல், எழுத்துப் பகுதி நெருக்கமாக, இரண்டு பக்கவாட்டு முகங்கள், அந்த வரிசை முழுவதும். கடைசிப் போட்டோவைப் பலரும் எடுப்பதில்லை. பக்கத்துக் கல்லறையில் மனைவியின் பிறந்த வீட்டார் படுத்திருக்கலாம்.

இப்போது வாசகம். ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இறந்த டக்கர் என்ற சார்ஜன்ட், 1867 மே 14, 'இன் தி தர்ட்டி-ஃபிஃப்த் இயர் ஆஃப் ஹிஸ் ஏஜ்' என்று கல் சொல்கிறது. 35 வயது என்று எழுதிக்கொண்டால் ஒரு வருடம் தப்பிப்போகும். முப்பத்தைந்தாவது வயது நடந்துகொண்டிருந்தது என்பதே பொருள்; முடிந்தது 34. நம்மூரில் 'முப்பத்தஞ்சு நடக்குது' என்பது போல. ஆகவே அவர் பிறந்தது 1832 மே 15க்கும் 1833 மே 14க்கும் நடுவில். அதே கல்லில் 'ஏஜ்டு தர்ட்டி-ஃபைவ் இயர்ஸ்' என்று இருந்தால் 1831 மே 15 முதல் 1832 மே 14 வரை. இந்த ஒரு வருட வித்தியாசம் பின்னால் இரண்டு டக்கர்களில் எவர் நம்மவர் என்பதைத் தீர்மானிக்கும்.

சுருக்கெழுத்துகளையும் விடாதீர்கள். 'எம்.சி.எஸ்.' என்றால் மதராஸ் சிவில் சர்வீஸ், 'எம்.என்.ஐ.' என்றால் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, 'எச்.இ.ஐ.சி.எஸ்.' என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம். 'ரெலிக்ட் ஆஃப்' என்று பெண்ணின் கல்லில் இருந்தால் அவர் விதவை. கணவர் முன்பே இறந்துவிட்டார் என்று ஒரு தேதி எல்லை கிடைக்கிறது. நடுப்பெயர் ஒரு குடும்பப்பெயர்போல ஒலித்தால், அது தாயின் பிறந்தவீட்டுப் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வில்லியம் கிரஹாம் மக்ஐவர், ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் என்ற பெயர்களைப் பார்த்ததும் கிரஹாம், வில்கின்சன் இரண்டையும் தனியாகக் குறித்துவைப்பது தேர்ந்த தேடுநர் பழக்கம். வாய்ப்புதான், சாட்சி அல்ல.

கல்லே படிக்க முடியாத நிலையில் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பவர் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். நீலகிரியும் அதில் உண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுச் சொச்சம் மழைக்காலத்துக்கு முன் கல் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எல்லாக் கல்லும் அதில் இல்லை. முக்கியமானவர் என்று அவருக்குத் தோன்றியவர்கள் மட்டும்.

பதிவேடும் அதன் லண்டன் நகலும்

கல்லில் கிடைத்த தேதியோடு ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டுக்குப் போங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு 1829 ஏப்ரல் 23இல் அடிக்கல் போட்டு, 1830 நவம்பர் 5இல் பிரதிஷ்டை செய்து, 1831 ஈஸ்டரில் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். அதற்கு முந்தைய மரணங்களை இங்கே தேடிப் பயனில்லை.

பதிவேடு கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார்கள் நகலெடுத்து மதராசுக்கு அனுப்ப, அங்கிருந்து ஒரு படி லண்டன் போனது. இன்று பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் நகல்கள் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. வங்காளம் 'என்/1', பம்பாய் 'என்/3'. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் இவற்றின் படங்கள் உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயர்ப்பட்டியல் இலவசம், கணக்கு தொடங்கினால் போதும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே உள்ள ஃபிபிஸ் சங்கத்தின் தேடுதளமும் இலவசம். கட்டணம் கட்டுமுன் இலவசமான இரண்டையும் வற்றவிடுங்கள்.

மூன்று பதிவுகளில் திருமணப் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிப் பதிவுகளில் மணமகன், மணமகள் இருவரின் தகப்பனார் பெயரும் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை பின்னே போய்விடலாம். அடக்கப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. ஞானஸ்நானப் பதிவில் தேதி ஏமாற்றும், ஏனென்றால் அது பிறந்த நாள் அல்ல. எஸ்டேட் குழந்தைகளைப் பாதிரியார் சுற்றுக்கு வரும்போது இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவதும் உண்டு.

லண்டன் பிரதி நகலின் நகல். குமாஸ்தா கைப்பிழை அங்கே ஏறியிருக்கும். ஆலயப் பதிவேட்டுக்கும் லண்டன் நகலுக்கும் வேறுபாடு இருந்தால் ஆலயத்தின் மூலத்தை நம்புங்கள்; ஆனால் இரண்டையும் எழுதிவையுங்கள். ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும்: பழைய காகிதங்களில் நீலகிரி 'நீல்கெர்ரீஸ்', பழனிமலை 'புல்னீஸ்'. தேடுபெட்டியில் இன்றைய எழுத்துக்கூட்டை மட்டும் போட்டால் பாதி பதில்கள் ஒளிந்துகொள்ளும்.

கல் இங்கே இருப்பதால் ஆள் இங்கே இறந்தார் என்றோ, கல் இல்லாததால் இறக்கவில்லை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அவர் இல்லை. ஊர் திரும்பி 1855இல் இறந்து, லண்டனுக்கு மேற்கே ஹெஸ்டன் ஆலயத்தில் அடக்கமானார். போன தடம் போலத் திரும்பிய தடமும் உண்டு.

எந்த வேலையாக வந்தார்?

கடலைக் கடக்கும் படியில் உத்தியோகம்தான் சாவி. 1833 வரை கம்பெனி அனுமதியில்லாமல் சாதாரண ஆங்கிலேயர் இங்கே குடியிருக்க முடியாது. ஆக அதற்கு முன் வந்தவர் ஏதாவது ஒரு பட்டியலில் இருப்பார்.

கம்பெனிப் படை அதிகாரி என்றால் அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'எல்/மில்/9' வரிசையில் கேடட் (பயிற்சி அதிகாரி) மனுக்கள் இருக்கின்றன. கூடவே ஞானஸ்நானச் சான்று இணைத்திருப்பார்கள். இங்கிலாந்து ஊர்ப்பெயர் நேராகக் கையில் விழும் பொன்னான இடம் இதுதான். மதராஸ் உயில்கள் 'எல்/ஏஜி/34/29' வரிசையில். உயிலில் 'என் சகோதரி, இன்ன ஊரில் இருப்பவள்' என்று ஒரு வரி இருந்தால் பத்து நாள் தேடல் மிச்சம்.

நம் டக்கர் போன்ற பிரிட்டிஷ் அரசுப் படை சார்ஜன்ட் என்றால், 'டபிள்யூஓ 97' பென்ஷன் தாள்களைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுகிறார்கள். கிடைக்காது. 1883க்கு முந்தைய அந்தத் தாள்கள் பென்ஷன் வாங்கி வெளியேறியவர்களுக்கு மட்டுமே. பணியிலேயே இறந்தவருக்கு அங்கே காகிதம் இல்லை. 'டபிள்யூஓ 12' என்ற படைப்பிரிவு ஆஜர்ப் பட்டியலில் அவர் இறந்த காலாண்டை எடுங்கள். இறந்தோர், விலகியோர் பட்டியல் ஒவ்வொரு காலாண்டின் கடைசியிலும் இருக்கும்; பிறந்த ஊர், பழைய தொழில், படையில் சேர்ந்த தேதி அதில் எழுதியிருப்பார்கள். இரண்டு வரிசைகளும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்.

காப்பி, தேயிலை எஸ்டேட் துரைமார் வேறு ரகம். எந்த அரசாங்கப் பட்டியலிலும் வரமாட்டார்கள். மதராசில் ஆண்டுதோறும் அச்சான அசைலம் பிரஸ் அல்மனாக்கில் எஸ்டேட் வாரியாகத் துரைமார் பெயர் இருக்கும். வருடம் வருடமாகப் பின்னே புரட்டி, பெயர் முதன்முதலில் தலைகாட்டும் ஆண்டைப் பிடியுங்கள். அந்த ஆண்டு 1870களிலோ 80களிலோ விழுந்தால் இலங்கையைச் சந்தேகியுங்கள். 1869இல் அங்கே காப்பிச் செடியில் தெரியவந்த இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்தபோது, துரைமார் சிலர் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்தார்கள். அப்படியானால் அடுத்த படி ஃபெர்குசனின் சிலோன் டைரக்டரி. இங்கிலாந்து அதற்கும் அப்பால்.

1890க்குப் பிறகு கப்பலேறியவர்களுக்கு 'பிடி 27' என்ற வெளிச்செல்லும் பயணிகள் பட்டியல் 1960 வரை உண்டு. 1947க்குப் பின் இங்கிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு உள்வரும் பட்டியலான 'பிடி 26'.

எழுத்துக்கூட்டு என்னும் பொறி

கூடலூர் பக்கம் ஓவேலி பேரூராட்சியை எல்லோருக்கும் தெரியும். 'ஓ' எங்கிருந்து வந்தது? ஆக்டர்லோனி வேலி, சுருங்கி 'ஓ' வேலி, தமிழ் நாக்கில் ஓவேலி. 1847இல் நீலகிரியை அளந்த கேப்டன் ஜான் ஆக்டர்லோனியின் சகோதரர் ஜேம்ஸ் அந்தப் பள்ளத்தாக்கில் காப்பி போட்டார். ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் மாவட்டத்து நிலப்பெயர்தான் குடும்பப்பெயரானது. ஆங்கில எழுத்தில் இதே பெயர் 'ஏ'வில் தொடங்கும், 'ஓ'வில் தொடங்கும். இரண்டாம் எழுத்தாக 'யூ' வரும், வராமலும் போகும். கடைசியில் 'ஒய்' நிற்கும், சிலசமயம் 'ஐ-ஈ' நிற்கும். நேபாளப் போரில் பெயரெடுத்த தளபதி டேவிட் ஆக்டர்லோனி 'யூ' இல்லாமல் எழுதியவர். அவர் பிறந்தது 1758இல் அமெரிக்காவின் பாஸ்டனில். ஒரே பெயர் ஸ்காட்லாந்திலிருந்து இரண்டு சமுத்திரங்களைத் தாண்டியிருக்கிறது. தேடும்போது சந்தேகமான எழுத்தின் இடத்தில் கேள்விக்குறியும், சந்தேகமான வால் பகுதிக்கு நட்சத்திரக் குறியும் போடுங்கள்.

கோத்தகிரியில் காப்பி போட்ட காக்பர்ன் குடும்பம் இன்னொரு பாடம். எழுதுவது காக்பர்ன், சொல்வது 'கோபர்ன்'. காதால் கேட்டு எழுதிய குமாஸ்தா, 'காக்' இருந்த இடத்தில் வெறும் 'கோ' எழுதிவைத்திருப்பார். ஆக எந்தப் பெயரையும் தேடுமுன், உச்சரிப்புப்படி எழுதினால் எப்படி வரும் என்று ஒரு தாளில் எட்டு பத்து வடிவங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பதிவில் 'கிளார்க்' என்று மட்டும் இருந்தால், கடைசியில் 'ஈ' உள்ளவரா இல்லாதவரா என்று மூலக் கையெழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். எழுத்து வேறுபாட்டை வைத்து 'இவர் வேறு குடும்பம்' என்று முடிவு கட்டவும் கூடாது. ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரியும் கல்லில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டிருப்பார்.

இங்கிலாந்துக்குள் பின்னோக்கி

ஊர் கிடைத்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒன்று, 1921 வரை தனிநபர் பெயரோடு கிடைக்கிறது. 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன. 1841இல் ஒரு வம்பு உண்டு: பதினைந்துக்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் அதில் இல்லை, இதே மாவட்டமா இல்லையா என்பது மட்டும். 1851இல்தான் பிறந்த பாரிஷ் வருகிறது. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி. பழைய இங்கிலாந்துத் தேடலுக்கு அதுதான் அடிப்படை அலகு.

டக்கரை இதில் வைத்துப் பாருங்கள். 1841 ஜூன் 6 கணக்கெடுப்பில் அவருக்கு 8, மிஞ்சினால் 9 வயது. குழந்தையாதலால் வயது சரியாகவே இருக்கும். 1851 மார்ச் 30இல் 17 அல்லது 18. படையில் சேர்ந்திருந்தால் வீட்டில் இருக்க மாட்டார். பிறந்தது 1837க்கு முன்பு என்பதால் அரசுப் பதிவு கிடையாது. பாரிஷ் ஞானஸ்நான ஏட்டுக்குத்தான் போக வேண்டும். 1837க்குப் பின் பிறந்தவர் என்றால் அரசுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் காட்டுகிறார்கள். ஒரே பெயரில் நான்கு குழந்தைகள் இருந்தால் பிரித்தெடுக்க அது போதும்.

பாரிஷ் ஏடுகள் 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவால் தொடங்கியவை. 1598 முதல் பிஷப்புக்கும் நகல் போனது. மூல ஏடு கரையான் தின்றிருந்தால் அந்த நகலைக் கேளுங்கள். 1813 முதல் அச்சிட்ட படிவம், தகப்பனார் தொழிலோடு. அதற்கு முன்னால் வெறும் தாளில் பாதிரியார் இஷ்டம். 1752க்கு முன்பு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1723 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்குக்கு அது 1724 பிப்ரவரி. இதைக் கவனிக்காமல் 'கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை' என்று பல குடும்பங்களுக்குக் களங்கம் கட்டியிருக்கிறார்கள்.

ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் இருப்பது சர்வசாதாரணம். நீங்கள் பிடித்த குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிடவில்லை என்று அதே ஏட்டின் அடக்கப் பக்கத்தைப் பத்து வருடத்துக்குப் புரட்டி உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் விழுந்த குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம். இறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளை பிறந்த கதைகள்கூட உண்டு.

இன்னும் பின்னே: 1662 முதல் 1689 வரை அடுப்பு வரி, 1641-42இல் 18 வயது தாண்டிய ஆண்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பட்டியல், 1377, 1379, 1381 தலைவரி. இவை வம்சாவளி தராது. அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் குவிந்திருந்தது என்பதைக் காட்டும்.

இப்போது அகராதியைத் திறக்கலாம்

வட்டாரம் தெரிந்த பின் அர்த்தம் பேசத் தொடங்கும். நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் மிதித்துக் கெட்டியாக்கும் தொழிலாளிக்குத் தென்மேற்கில் டக்கர் என்று பெயர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில் வாக்கர். தொழில் ஒன்று, ஊர்ப்பேச்சு மூன்று. அதனால்தான் டக்கர் என்ற பெயர் டெவன், கார்ன்வால், சாமர்செட் பக்கம் கைகாட்டுகிறது. ஆஜர்ப் பட்டியல் டெவன் பாரிஷ் ஒன்றைச் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகின்றன. யார்க்‌ஷயரைச் சொன்னால் இடையில் ஒரு இடப்பெயர்ச்சி நடந்திருக்கிறது, அதைத் தேட வேண்டும். பெயர்ப்பரவலைப் பார்க்க 1881 கணக்கெடுப்பை வைத்து வரைந்த வரைபடங்கள் நல்ல துணை.

ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை நமக்கெல்லாம் தெரிந்தது, 1844இல் மதராசில் தொடங்கியது. அந்தப் பெயரின் 'பாதம்' நம் பாதம் இல்லை. பள்ளத்தாக்கின் அடித்தளம் என்ற பொருளில் வடமேற்கு இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் வரும் வால். லங்காஷயரின் போல்ட்டன் அருகே உள்ள ஊர் ஒன்றிலிருந்து வந்தது. நம் பட்டி, பாளையம், படுகர் ஊர்களின் ஹட்டி போல, 'பை', 'தோர்ப்' என்று முடிந்தால் டேனியர் குடியேறிய வடக்கு-கிழக்கு. 'ட்ரெ', 'பால்', 'பென்' என்று தொடங்கினால் கார்ன்வால்.

கோக்கர்ஸ் வாக் அமைத்த லெப்டினன்ட் கோக்கரின் பெயரை, சாமர்செட்டில் யோவில் அருகே உள்ள கோக்கர் என்ற ஊர்களோடு பொருத்த ஆசை வரும். ஊர்ப்பெயர் அப்படியே குடும்பப்பெயராவது வழக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலாக எழுதும் குடும்பம் அந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது என்பதற்குப் பாரிஷ் ஏடு ஏடாகப் பின்னே போய்த்தான் ஆக வேண்டும். கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கிய மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்சின் குடும்பத்தில் அந்தத் தொடர் தெளிவாக இருக்கிறது: டெர்பிஷயரிலிருந்து 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அயர்லாந்துக்கு அரசு வழக்கறிஞராகப் போன ரிச்சர்ட் லெவிஞ்ச், அங்கே நிலமும் பாரனெட் பட்டமும், பிறகு ஒரு வாரிசு மதராஸ் சிவில் சர்வீசில். அயர்லாந்தில் பிறந்தவர் என்று அங்கேயே நின்றிருந்தால் டெர்பிஷயர் தெரியாமலே போயிருக்கும்.

குடும்பச் சின்னம் விற்கும் கடைகளை நம்பாதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும்தான், ஒரு குடும்பப்பெயர் முழுவதற்கும் கிடையாது. 'இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னரோடு 1066இல் வந்த வம்சம்' என்ற கதையையும் அதே அலமாரியில் வையுங்கள். பெரும்பாலான ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை நிலைத்ததே அதற்குப் பின் இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்துத்தான்.

பெயரைச் சுமப்பவர் இங்கேயே இருந்தால்

மலையில் ஆங்கிலப் பெயரோடு வாழும் குடும்பம் தன் வேரைத் தேடும்போது, அந்தப் பெயர் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். தந்தைவழியில் ஐரோப்பிய முன்னோர் இருக்கலாம். ஆங்கிலோ-இந்தியர் என்பதற்கு அரசியலமைப்பின் 366(2) தரும் வரையறையே தந்தைவழியைத்தான் சொல்கிறது. அனாதைப் பள்ளியில் வைத்த பெயராக இருக்கலாம். ஞானஸ்நானத்தில் பாதிரியார் பெயரோ, பிள்ளையின் படிப்புச் செலவைத் தாங்கிய இங்கிலாந்து தர்மவானின் பெயரோ சூட்டியிருக்கலாம்; மிஷன் பள்ளிகளில் அந்த வழக்கம் இருந்தது. பின்சொன்ன இரண்டிலும் ரத்த வழி இங்கிலாந்துக்குப் போகாது.

கண்டுபிடிக்க எளிய வழி, அந்தப் பெயர் முதன்முதலில் வரும் ஞானஸ்நானப் பதிவைப் பார்ப்பது. ஞானஸ்நானம் பெற்றவர் குழந்தையா வளர்ந்தவரா? தகப்பனார் பெயர் தமிழா ஆங்கிலமா? வளர்ந்தவருக்கு, தமிழ்ப் பெயர் கொண்ட தகப்பனாருக்குப் பிறந்தவருக்கு, ஆங்கிலப் பெயர் சூட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஐயம் தீரவில்லை என்றால், தந்தையிலிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை இருக்கிறது. 37 குறிகளாவது (ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணு இடங்கள்) பார்க்கும் சோதனையாக எடுங்கள், குடும்பத்தின் நேரடி ஆண்வழி உறவினர் மாதிரி கொடுக்க வேண்டும். ஆனால் முடிவு எப்படி வந்தாலும் தாங்கிக்கொள்வார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிட்டே மாதிரி கொடுங்கள். ஒப்பிட இங்கிலாந்தில் அதே பெயர்க்காரர் யாராவது சோதித்திருந்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு. இல்லையென்றால் அது எண்களின் பட்டியலாகவே கிடக்கும்.